விளக்கேற்றிய பிறகு வரும் அச்சம்

பேய்க் கதைகளுக்கு வெளிச்சம் ஆகாது. புளியமரத்தடியில் வெள்ளையாக ஏதோ நிற்கிறது. கால் நடுங்குகிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. யாரோ ஒருவர் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். பார்த்தால், கொடியில் காயப்போட்ட வேட்டி காற்றில் பறந்து வந்து கிளையில் மாட்டிக்கொண்டிருக்கிறது! கதை அத்துடன் முடிந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம்.

விளக்கு வந்த பிறகுதான் தொடங்குகிற கதைகளும் உண்டு. விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அங்கே நிற்பது நன்றாகத் தெரிகிறது. அதை அளக்கிறார்கள், நிறுக்கிறார்கள், நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். பார்க்கப் பார்க்க அச்சம் குறையவில்லை, கூடுகிறது. இத்தகையவற்றை விஞ்ஞானத் திகில் கதைகள் எனலாம். ஆங்கிலத்தில் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளாக இவை எழுதப்பட்டு வருகின்றன. பெரும்பாலும் சிறுகதைகள். ஒரு தலைமுறை மாறினாலும் அடுத்த தலைமுறை மாணவர்கள் அவற்றைத் தேடிப்பிடித்துப் படிக்கத்தான் செய்கிறார்கள்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. அறியாமையில் பிறப்பது அச்சம் என்றும், அறிவு வந்தால் அச்சம் போய்விடும் என்றும் நாம் சொல்லிக்கொடுக்கிறோம். இடி எப்படி உண்டாகிறது என்று தெரிந்தவன் அர்ச்சுனன் பெயரைச் சொல்லிக்கொண்டு கட்டிலடியில் ஒளிவதில்லை. அப்படியானால் அறிவையும் அச்சத்தையும் ஒரே பானையில் போட்டுச் சமைப்பது எப்படி? அந்தச் சமையல் ஏன் ருசிக்கிறது? சில கதைகளைப் பிரித்துப் பார்த்தால் விளங்கும். பௌதிகம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், கதைக்குள் இருக்கும் விஞ்ஞானம் எவ்வளவு தேறும் என்பதையும் உங்களோடு சேர்ந்து சோதித்துப் பார்க்க ஆசை.

பிணம் பேசிய அறிக்கை

மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன் (1818) தான் இந்த வகைக்குத் தாய் என்பார்கள். இறந்த தவளையின் காலை மின்சாரத்தால் துடிக்கச் செய்த கால்வானியின் சோதனைகளும், அவருடைய மருமகன் ஆல்டினி 1803-இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவன் உடலில் மின்சாரம் பாய்ச்சிக் காட்டியதும் அன்று பலரும் பேசிய செய்திகள். ஆனால் அது முழு நாவல். நாம் சிறுகதைக்கு வருவோம்.

1845 டிசம்பரில் அமெரிக்க எழுத்தாளர் எட்கார் ஆலன் போ ஒரு கதை வெளியிட்டார். வால்டெமார் என்பவருக்குக் காசநோய் முற்றிவிட்டது; சாவு நிச்சயம். அந்தக் காலத்தில் மெஸ்மெரிசம் என்ற வசிய உறக்கத்தைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. சாகும் தறுவாயில் ஒருவரை வசிய உறக்கத்தில் ஆழ்த்தினால் என்ன ஆகும்? கதை சொல்பவர் செய்து பார்க்கிறார். மூச்சு நிற்கிறது, நாடி நிற்கிறது. ஆனால் உடல் அழுகவில்லை. ஏழு மாதம் அப்படியே கிடக்கிறது. கேள்வி கேட்டால் தான் இறந்துவிட்டதாகப் பதில் சொல்கிறது! கடைசியில் உறக்கத்தைக் கலைக்கிறார்கள். ஏழு மாதம் ஒத்திப்போடப்பட்ட அழுகல் ஒரே நிமிடத்தில் நிகழ்ந்துவிடுகிறது.

கதையின் விஞ்ஞானம் தேறாது. வசிய உறக்கம் பாக்டீரியாக்களை நிறுத்திவைக்காது. ஆயினும் அன்று பலர் இதை உண்மை நிகழ்ச்சி என்றே நம்பினார்கள். லண்டனில் தனிப் பிரசுரமாகவும் அச்சிட்டார்கள். கட்டுக்கதை என்று போவே பின்னர் ஒப்புக்கொண்டார்.

ஏன் நம்பினார்கள்? எழுதிய முறைதான் காரணம். கதை முழுவதும் ஆஸ்பத்திரிக் குறிப்பேடு போல இருக்கிறது. இத்தனை மணிக்கு நாடி இப்படி, இத்தனை மணிக்குக் கண்ணின் நிலை அப்படி, உடன் இருந்தவர்கள் இன்னார், குறிப்பெடுத்தவர் ஒரு மருத்துவ மாணவர். வியப்புக் குறிகளோ அலறலோ இல்லை. உங்கள் செய்முறை ஏட்டில் "கண்டறிந்தவை" என்ற தலைப்பின்கீழ் எழுதுகிறீர்களே, அதே நடைதான். பொய் சொல்ல வராத நடை என்று நாம் பழகிவிட்ட ஒன்றிலிருந்து திடீரென்று பிணம் பேசினால், உதறித் தள்ள மனம் வருவதில்லை. பேய்க் கதையில் பாட்டி குரலைத் தாழ்த்துகிறாள். இங்கே குரல் ஏறுவதும் இல்லை, தாழ்வதும் இல்லை.

சிறுகதையை ஒரே அமர்வில் படித்து முடிக்க வேண்டும், அப்போதுதான் அதன் விளைவு சிதறாமல் மனத்தில் இறங்கும் என்று 1842-இலேயே எழுதியவரும் இதே போதான். திகிலுக்கு இது மிகவும் பொருந்தும். இயற்கையின் ஒரே ஒரு விதியை மட்டும் ஆசிரியர் மாற்றிக்கொள்கிறார். மற்றவையெல்லாம் நம் வீட்டில் உள்ளபடியே இருக்கின்றன. முப்பது பக்கத்துக்கு அந்த ஒரு மாற்றம் தாங்கும். முந்நூறு பக்கம் இழுத்தால், நாம் காப்பி குடிக்க எழுந்து போகும் நேரத்தில் ஓட்டைகள் கண்ணில் படத் தொடங்கிவிடும்.

கண்ணுக்கு எட்டாத நிறம்

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஒன்றுக்கு வருகிறேன். ஆம்புரோஸ் பியர்ஸ் 1893-இல் எழுதிய கதை அது. அதன் பெயரைத் தமிழில் "அந்தப் பாழாய்ப்போனது" என்று சொல்லலாம். மார்கன் என்பவன் காட்டோரத்தில் தனியே வாழ்கிறான். ஒருநாள் நண்பனுடன் வேட்டைக்குப் போகிறபோது, காற்றே இல்லாமல் ஓட்ஸ் பயிர் மடங்கி மடங்கி அவர்களை நோக்கி வழிவிடுகிறது. எதுவும் தெரியவில்லை. மறுகணம் மார்கன் எதனுடனோ மல்லுக்கட்டிக் குரூரமாகச் சாகிறான். தெரியாத ஒன்று குறுக்கே வந்து மறைப்பதுபோல் அவன் உடலின் பகுதிகள் அவ்வப்போது காணாமற் போய் வருவதை நண்பன் பார்க்கிறான்.

மார்கனின் நாட்குறிப்பில் விளக்கம் இருக்கிறது. நம் காதுக்கு எட்டாத ஒலிகள் இருப்பதுபோல், நம் கண்ணுக்கு எட்டாத நிறங்களும் நிறமாலையின் இரு முனைகளிலும் இருக்கின்றன; அந்த மிருகம் அப்படியொரு நிறத்தில் இருக்கிறது என்கிறான் அவன்.

முதற் பாதி முற்றிலும் உண்மை. சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து அகச்சிவப்புக் கதிர்களை வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தது 1800-இல். அடுத்த ஆண்டே ரிட்டர் ஊதாவுக்கு அப்பால் புறஊதாக் கதிர்களைக் கண்டார். ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியைத்தான் நம் கண் உணரும். தேனீ புறஊதாவையும் காண்கிறது. நமக்கு வெறும் மஞ்சளாகத் தெரியும் சில பூக்களில் தேனீக்குக் கோலமே தெரியும். காதும் அப்படித்தான். நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை நமக்கு. அதற்குக் கீழே யானைகள் தமக்குள் பேசிக்கொள்கின்றன. மேலே வௌவால்கள் கூவுகின்றன. இத்தனையும் நம் வீட்டுக் கூரைக்கு மேலே இந்த நிமிடத்தில் நடக்கலாம். நாம் ஒரு சிறு சாளரத்தின் வழியே உலகத்தைப் பார்த்துவிட்டு, பார்த்ததுதான் உலகம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். மார்கனின் அச்சம் இங்கேதான் நம்மைப் பிடிக்கிறது. இது பேய் பற்றிய செய்தி அன்று, பாடப்புத்தகச் செய்தி.

இரண்டாம் பாதிக்கு வருவோம். புறஊதா நிறமுள்ள மிருகம் நம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா? சற்றே நின்று நீங்களே யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

இராது. இலை பச்சையாகத் தெரிவது ஏன்? பச்சையைத் திருப்பி அனுப்பி, மற்ற நிறங்களில் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால். அதே நியாயப்படி, புறஊதாவை மட்டும் திருப்பி அனுப்பும் உடல் சிவப்பு முதல் ஊதா வரை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அப்படிப்பட்ட பொருள் கரிபோல் கறுப்பாகத் தெரியும். பட்டப்பகலில் வயலின் நடுவே யானை அளவு மைக்கறுப்பு உருவம் ஓடிவந்தால் அதைவிட நன்றாகத் தெரியும் பொருள் வேறு உண்டா?

வேடிக்கை என்னவென்றால், பியர்ஸுக்கே இது பாதி தெரிந்திருக்கிறது. இரவில் மலைமுகட்டின்மேல் நட்சத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து தோன்றுவதை மார்கன் குறித்துவைக்கிறான். நட்சத்திரத்தை மறைக்கும் உடல் பின்னால் இருக்கும் பயிரையும் மறைத்தாக வேண்டும். ஒரே மிருகம் இரவில் ஒளிபுகாததாகவும் பகலில் ஒளிபுகுவதாகவும் இருக்க முடியாது.

உண்மையிலேயே கண்ணுக்கு மறைய வேண்டுமானால், ஒளி உடலின் வழியே வளையாமல், சிதறாமல், விழுங்கப்படாமல் போய்விட வேண்டும். கல்லூரிச் சோதனைச்சாலையில் இதைச் செய்துகாட்டுவது சுலபம். பைரக்ஸ் கண்ணாடிக் கோல் ஒன்றைக் கிளிசரின் உள்ள முகவையில் இறக்குங்கள். முழுகிய பகுதி அநேகமாக மறைந்துவிடும். இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் ஏறத்தாழ 1.47. எல்லையில் ஒளி வளைவதும் இல்லை, பிரதிபலிப்பதும் இல்லை. ஆகவே கோல் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. 1897-இல் எச்.ஜி. வெல்ஸ் தம் "கண்ணுக்குத் தெரியாத மனிதன்" நாவலில் இந்தக் கருத்தைத்தான் பிடித்துக்கொண்டார். பியர்ஸைவிட ஒருபடி முன்னேற்றம். ஆனால் காற்றின் ஒளிவிலகல் எண் கொண்ட கண்ணில் வில்லை வேலை செய்யாது. ஒளியை விழுங்காத விழித்திரையில் காட்சி பதியாது. அந்த மனிதன் குருடனாகத்தான் இருப்பான். "பொழுதுபோக்கு பௌதிகம்" படித்தவர்களுக்கு யாக்கவ் பெரல்மான் இதைச் சுவையாக விளக்கியிருப்பது நினைவிருக்கும்.

தப்பு கண்டுபிடித்துவிட்டோமே, கதை கெட்டுவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கில் தவறு இருக்கிறது. சாளரம் சிறியது என்ற செய்தியில் தவறு இல்லை. கதை வெளிவந்த இரண்டாம் ஆண்டில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். கண்ணுக்குத் தெரியாத ஒளியில், உயிரோடு இருக்கும் கையின் எலும்புகளை மக்கள் படமாகப் பார்த்தார்கள்.

கிணற்றடியில் விழுந்த கல்

நிறத்தை வைத்தே இன்னொரு கதை. எச்.பி. லவ்கிராஃப்ட் எழுதியது, 1927 செப்டம்பரில் வெளிவந்தது. ஒரு விவசாயியின் கிணற்றருகே விண்கல் விழுகிறது. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வந்து துண்டு வெட்டிப் போகிறார்கள். கல் ஆறவே மறுக்கிறது. நாளுக்கு நாள் சுருங்குகிறது. நிறமாலைமானியில் எதுவோடும் ஒப்பிட முடியாத நிறப்பட்டைகளைக் காட்டுகிறது. பிறகு கல் மறைந்தே போய்விடுகிறது. பேராசிரியர்களும் மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு தோட்டத்தில் பழங்கள் பூதாகரமாகக் காய்க்கின்றன. வாயில் வைத்தால் கசப்பு. செடிகொடிகள் இருட்டில் மினுங்குகின்றன. மாடுகள் சாம்பல் நிறமாகி உதிர்கின்றன. குடும்பத்தில் ஒவ்வொருவராகப் புத்தி பேதலித்துப் போகிறார்கள். ஆனாலும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

400-க்கும் 700-க்கும் இடையே எல்லா அலைநீளங்களும் ஏற்கெனவே "ஆள் இருக்கும்" இடங்கள். நடுவில் புதிய நிறம் ஒன்றைச் செருக இடம் கிடையாது. லவ்கிராஃப்ட் இதை உணர்ந்தே, அதை நிறம் என்று அழைத்தது ஓர் உவமைக்காகத்தான் என்று கதையில் சொல்லிவிடுகிறார். கெட்டிக்காரர். ஆனால் முன்பின் தெரியாத நிறமாலைக் கோடு வானத்திலிருந்து வந்த சம்பவம் உண்மையிலேயே நடந்திருக்கிறது, அதுவும் நமக்குப் பக்கத்தில். 1868 ஆகஸ்டு 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தைக் காண, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூருக்கு பிரெஞ்சு வானியலார் ஜான்சன் வந்திருந்தார். அந்தக் கிரகணத்தில் சூரிய விளிம்பின் நிறமாலையில் கண்ட மஞ்சள் கோடு ஒன்று சோடியத்தின் கோடுகளோடு பொருந்தவில்லை. பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. அதற்குச் சொந்தமான ஹீலியத்தை ராம்சே பூமியில் பிடித்துக் காட்ட 1895 வரை, அதாவது 27 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. ஹீலியம் ஒரு சாதுவான வாயு. யாரையும் ஒன்றும் செய்யவில்லை.

ரேடியம் அப்படி இல்லை. கதை வெளிவந்த அதே 1927-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஐந்து பெண்கள் வழக்குத் தொடுத்திருந்தார்கள். இருட்டில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த வர்ணம் பூசும் வேலை அவர்களுக்கு. தூரிகையின் நுனி கூராக இருக்க வேண்டும் என்பதற்காக உதட்டில் வைத்துக் கூர்செய்யப் பழக்கப்பட்டிருந்தார்கள். சுண்ணாம்புச் சத்தின் இனத்தைச் சேர்ந்த ரேடியம், அதைப்போலவே எலும்பில் போய்த் தங்கிக்கொள்ளும். தாடை எலும்பு கரைந்தது, பலர் இறந்தார்கள். ரேடியத்தின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். லவ்கிராஃப்ட் இதை நினைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மினுங்கும் பொருள், மணமில்லாத நஞ்சு, மெதுவாகப் பல மாதம் கழித்து வரும் சாவு என்று கதையும் செய்தியும் ஒரே ஆண்டில் எதிரும் புதிருமாக நிற்கின்றன. கதையின் கடைசியில் அந்தப் பாழ்நிலத்தை மூழ்கடித்து நகரத்துக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம் ஒன்று கட்டப்போகிறார்கள். கதை சொல்பவர் அந்தத் தண்ணீரைத் தொடமாட்டேன் என்கிறார். ஆவியோ அலறலோ இல்லாத இந்த இடத்தில்தான் எனக்கு முதுகு சில்லிட்டது.

"யார் அங்கே?"

விஞ்ஞானமும் திகிலும் ஒன்றையொன்று பிரிக்க முடியாதபடி பின்னிக்கொண்ட கதை எது என்று கேட்டால், ஜான் கேம்பல் 1938 ஆகஸ்டில் டான் ஸ்டூவர்ட் என்ற புனைபெயரில் வெளியிட்ட "யார் அங்கே?" என்பதைத்தான் சொல்வேன். சற்றே நீண்ட கதை. 1951-லும் 1982-லும் திரைப்படமாக வந்ததால் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கேம்பல் இயற்பியல் பட்டதாரி. அது கதையில் தெரியும்.

தென்துருவத்தில் ஆராய்ச்சி முகாம் ஒன்று. காந்த ஊசி காட்டவேண்டிய இடத்தைவிட்டு வேறெங்கோ இழுக்கப்படுவதைப் பார்த்துத் தோண்டுகிறார்கள். இரண்டு கோடி ஆண்டுகளாகப் பனியில் உறைந்துகிடக்கும் விண்கலமும், பக்கத்தில் ஓர் அயல் உயிரும் அகப்படுகின்றன. முகாமுக்குக் கொண்டுவந்து பனியை உருகவைக்கிறார்கள். செத்துப்போனதாக எண்ணிய அது எழுந்துவிடுகிறது. எந்த உயிரைத் தின்கிறதோ அந்த உயிராகவே மாறிவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. செல்லுக்குச் செல், நினைவுக்கு நினைவு. அது நாயாக இருக்கலாம். பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடும் நண்பராக இருக்கலாம். முகாமில் 37 பேர். வெளியே பனிப்புயல். இவர்களில் எத்தனை பேர் மனிதர்கள்?

சாதாரண எழுத்தாளராக இருந்தால் இங்கே ஆளுக்கொரு கோடரியைக் கொடுத்துவிடுவார். கேம்பலின் ஆட்கள் விஞ்ஞானிகள். சோதனை செய்ய உட்காருகிறார்கள். 1901-இல் ஜெர்மனியில் பால் ஊலன்ஹூட் கண்டறிந்த முறை ஒன்று உண்டு; நீதிமன்றங்களில் இரத்தக்கறை மனிதனுடையதா விலங்கினுடையதா என்று தீர்மானிக்கப் பயன்பட்டது. விலங்கின் உடலில் மனித இரத்தத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தினால், அதன் உடல் மனிதப் புரதத்துக்கு எதிர்ப்பொருள்களை உண்டாக்கும். பிறகு அந்த விலங்கின் சீரத்தை எடுத்து மனித இரத்தத்தோடு கலந்தால் வெண்மையாகத் திரளும். மாட்டு இரத்தத்தோடு கலந்தால் ஒன்றும் நேராது. முகாமில் ஒரு நாய்க்கு இவ்வாறு மனித இரத்தம் செலுத்துகிறார்கள். இரத்தம் கொடுத்தவர்கள் இருவர்: முகாமின் தலைவர், மருத்துவர். சீரம் தயார். மனித இரத்தத்தில் விட்டால் திரள்கிறது, சரி. அடுத்து, அந்த அயல் உயிரின் திசுவில் விட்டுப் பார்க்கிறார்கள்.

அதுவும் திரள்கிறது.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு புரிகிறது. நாயின் உடல் மனிதனுக்கும் எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கிறது, அந்த மிருகத்துக்கும் உண்டாக்கியிருக்கிறது. அப்படியானால் நாய்க்குச் செலுத்தியதில் இரண்டு இரத்தமும் இருந்திருக்கின்றன. கொடுத்தவர்கள் இருவர். ஒருவர் மனிதர், மற்றவர் மனிதர் இல்லை. முகாமை நடத்துபவரா, மருந்து கொடுப்பவரா?

இந்த இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். பல்லும் நகமும் காட்டி உண்டாக்கிய அச்சம் இல்லை இது. தர்க்கத்தின் இரண்டு படிகள், அவ்வளவுதான். சோதனையில் வரும் தவறான முடிவே மிகச் சரியான செய்தியைச் சொல்கிறது. அச்சம் யாருக்கு முதலில் வருகிறது பாருங்கள். சீரம் என்றால் என்னவென்று தெரியாத சமையற்காரருக்கு இது வெறும் குழப்பம். முறையை முழுதும் அறிந்தவருக்குத்தான் இரத்தம் உறைகிறது. பேய்க் கதையில் படித்தவன் தைரியசாலி, பாமரன் பயந்தாங்கொள்ளி. இந்த வகைக் கதையில் வரிசை தலைகீழ். தெரிந்தவனே முதலில் பயப்படுகிறான். படிக்கிற நீங்களும் அந்தத் தர்க்கத்தைத் தொடர்ந்து வந்தவர் என்பதால், உங்கள் அறிவைக் கொண்டே உங்களைப் பயமுறுத்திவிடுகிறார் ஆசிரியர். இந்தக் கதைகளின் கவர்ச்சிக்கு நான் கண்ட முக்கியமான காரணம் இதுவே.

பின்னர் அவர்கள் வேறொரு சோதனையைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த உயிரின் ஒவ்வொரு துளியும் தனித்தனியே முழு உயிர். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். மனித இரத்தமோ வெறும் திசு. ஆகவே ஒவ்வொருவரிடமும் சிறிது இரத்தம் எடுத்து, சூடேற்றிய உலோக முனையை அதில் வைத்தால்? சுடுவதைக் கண்டு இரத்தம் விலகி ஓடினால்? முடிவைக் கதையிலேயே படித்துக்கொள்ளுங்கள். ஒரு கருதுகோள், அதிலிருந்து ஓர் ஊகம், அதைச் சோதிக்க ஓர் எளிய ஏற்பாடு. சோதனை முறையைப் பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட இந்த நான்கு பக்கம் நன்றாகப் பதிகிறது.

"இப்படிப்பட்ட கதைகள் மூடநம்பிக்கையை வளர்க்காதா?" என்று பெற்றோர்களும் சில ஆசிரியர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பேயோட்டுபவனுக்கு "காந்த அலை", "எனர்ஜி" என்று நாலு விஞ்ஞானச் சொற்களைக் கடன்கொடுக்கும் கதைகளும் இருக்கின்றன. அவற்றை நானும் விலக்கவே சொல்வேன். வேறுபாட்டைக் கண்டுகொள்வது கடினமன்று. நல்ல கதையில் சோதனை நடக்கும். முடிவு மாறினால் எண்ணமும் மாறும். மட்டமான கதையில் சாமியார் சொன்னதை விஞ்ஞானி கடைசியில் கைகூப்பி ஒப்புக்கொள்வார். தமிழில் சுஜாதா "கொலையுதிர் காலம்" நாவலில் பேயா விஞ்ஞானமா என்ற வழக்கைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிறார். வாசகர் இரு பக்கத்துச் சாட்சியையும் எடைபோட்டாக வேண்டும்; அந்த உழைப்பு மூளைக்கு நல்லது.

உண்மை வாழ்க்கையிலும் இப்படி ஒரு வழக்கு நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் விக் டாண்டி என்ற பொறியாளர், ஆவி உலவுவதாகப் பேச்சிருந்த சோதனைச்சாலை ஒன்றில் வேலை செய்துவந்தார். இரவில் தனியே இருக்கையில் உடல் வியர்த்தது, ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தோன்றியது, திரும்பினால் இல்லை. மறுநாள், வாட்போட்டிக்காகத் தம் மெல்லிய வாளைப் பிடிப்பானில் பொருத்திவைத்தபோது அது தானாகவே வெடவெடவென்று ஆடியது. வேறொருவராக இருந்தால் ஓடியிருப்பார். டாண்டி வாளை அறையின் நீளவாக்கில் நகர்த்திப் பார்த்தார். நடுவில் ஆட்டம் அதிகம், சுவரருகே இல்லை. ஆகா, நிலையலை! புதிதாகப் பொருத்திய காற்றாடி ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 19 அதிர்வுகள் கொண்ட, காதுக்குக் கேளாத ஒலியை உண்டாக்கிக்கொண்டிருந்தது. நொடிக்கு 340 மீட்டர் வேகத்தை 19-ஆல் வகுத்தால் அலைநீளம் சுமார் 18 மீட்டர். அதில் பாதி 9 மீட்டர். அறையின் நீளம் 30 அடி! காற்றாடியின் பொருத்தை மாற்றியதும் ஆட்டமும் நின்றது, ஆவியும் போய்விட்டது. 1998-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். எல்லா ஆவிகளுக்கும் இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பின்னர் நடந்த சோதனைகளில் முடிவுகள் ஒன்றுபோல் வரவில்லை. ஆனால் பயம் வந்த இடத்தில் வாளை நகர்த்திப் பார்த்தாரே, அந்தப் புத்தியைத்தான் கேம்பலின் கதையும் பழக்கிவிடுகிறது.

கருணையற்ற கணக்கு

இவ்வளவு புகழ்ந்த பிறகு, எனக்குச் சண்டையுள்ள கதை ஒன்றையும் சொல்லவேண்டும். டாம் காட்வின் எழுதிய "குளிர்ந்த சமன்பாடுகள்". 1954 ஆகஸ்டில், கேம்பல் ஆசிரியராக இருந்த இதழில் வந்தது. பேயும் இல்லை, மிருகமும் இல்லை. ஆனால் படித்தவர்கள் மறப்பதில்லை.

தொலைதூரக் கோள் ஒன்றில் ஆறு பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள். மருந்துடன் ஒரு சிறு விண்கலம் போகிறது. போய் இறங்குவதற்கு எவ்வளவு எரிபொருள் தேவையோ அவ்வளவுதான் அதில் உண்டு. அண்ணனைப் பார்க்கும் ஆசையில் 18 வயதுப் பெண் ஒருத்தி அதில் ஒளிந்து ஏறிவிடுகிறாள். பிடிபட்டால் அபராதம் போடுவார்கள் என்று எண்ணியிருந்தாள். விமானி கணக்கைச் சொல்கிறான். அவள் எடைக்கு எரிபொருள் இல்லை. அவள் இருந்தால் கலம் மோதி நொறுங்கும்; அவளும், விமானியும், அந்த ஆறு பேரும் சாவார்கள். அவளை வெளியேற்ற வேண்டும். விண்வெளியில்.

கணக்கு சரிதானா? ருஷ்ய அறிஞர் சியால்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட ராக்கெட் சமன்பாட்டைப் போட்டுப் பார்க்கலாம். ராக்கெட்டின் வாயு நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்குவதற்குத் தணிக்கவேண்டிய வேகமும் 3 கிலோமீட்டர் என்போம். அப்போது தரையில் போய்ச்சேரும் ஒவ்வொரு கிலோவுக்கும் தொடக்கத்தில் 2.72 கிலோ இருந்தாக வேண்டும். அதாவது ஒரு கிலோ சுமைக்கு 1.72 கிலோ எரிபொருள். பெண் 50 கிலோ என்றால் 86 கிலோ எரிபொருள் கூடுதலாக வேண்டும். கெஞ்சினாலும் அழுதாலும் இந்த எண் குறையாது. கதையின் திகில் முழுவதும் இந்த எண்ணில்தான் இருக்கிறது. அவளைக் காப்பாற்ற ஏதாவது வழி செய்து காட்வின் எழுதி அனுப்ப அனுப்ப, கேம்பல் திருப்பி அனுப்பினார் என்று சொல்வார்கள்.

என் சண்டை சமன்பாட்டோடு இல்லை. கதை கொலைப்பழியைச் சமன்பாட்டின்மேல் போடுகிறதே, அதோடுதான். ஒரு சொட்டு எரிபொருள்கூட மிச்சம் வைக்காமல் கலத்தை அனுப்பச் சொன்னது சமன்பாடா? பாலம் கட்டுபவரோ மின்தூக்கி செய்பவரோ தாங்கவேண்டிய சுமைக்குச் சரியாகச் செய்வதில்லை. பல மடங்கு தாங்கும்படி செய்கிறார்கள். காற்று எதிர்த்து அடித்தால், குழாய் ஒழுகினால், இறங்குமிடம் சற்றுத் தள்ளிப்போனால் என்ன செய்வது என்று யோசிப்பதுதானே பொறியியல்? அந்தக் கலத்தின் கதவில் பூட்டு இல்லை, காவலும் இல்லை. வெளியாட்கள் நுழையக்கூடாது என்ற பலகை மட்டும் இருந்தது. மீறினால் சாவு என்று அதில் எழுதவில்லை. "விஞ்ஞானம் இரக்கமற்றது" என்று சொல்லி இக்கதையை முடிக்கும்போது, கலத்தை இப்படி அனுப்பிவைத்த அதிகாரிகள் சத்தமில்லாமல் தப்பித்துக்கொள்கிறார்கள்.

ஒரு வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது பின்வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள்: "கரும்பு லாரியைக்கூட ஆலை வாசலில் எடைமேடையில் ஏற்றித்தானே சார் உள்ளே விடுகிறார்கள்? இந்தக் கப்பலைப் புறப்படும்போது யாரும் நிறுத்துப் பார்க்கவில்லையா?" அடுத்த பாடவேளை வரையில் அந்த வகுப்பு கட்சி பிரிந்து விவாதித்தது.

ஆகவே கதையை அவசியம் படியுங்கள். கூடவே கணக்கையும் போடுங்கள். வாயுவின் வேகம் அதே 3 கிலோமீட்டர்தான், ஆனால் தணிக்கவேண்டிய வேகம் 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே 50 கிலோ பெண்ணுக்காக எத்தனை கிலோ எரிபொருள் கூடுதலாக வேண்டும்? 86-ஐ இரண்டால் பெருக்கி 172 என்று சொல்லிவிடாதீர்கள். 2.72-ஐ அதனாலேயே பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 320.